புத்தளத்தில் தொடங்கிப் புத்தளத்தில் முடியும் கொழும்பு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை ஒரு லொறிக்குத்தான் அளவு. போன மாதம் ஒரு நாள் காலை, காலி வீதியிலிருந்து சீமெந்து லொறி ஒன்று உள்ளே திரும்பியது. மூன்று வீடு தள்ளி எட்டு மாடித் தொடர்மாடி ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது, அதற்கான சாமான். அதே நேரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து குப்பை லொறி வெளியே வந்தது. நடு ஒழுங்கையில் இரண்டும் முகத்துக்கு முகம் நின்றுவிட்டன. யார் பின்னுக்குப் போவது என்பதில் சாரதிகள் இருவருக்கும் உடன்பாடில்லை. நான் பாண் பையோடு மதிலில் ஒட்டிக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் சீமெந்துத் தூசி, மறுபக்கம் நேற்றைய மீன் செதில்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் தோன்றியது, இரண்டு லொறிக்கும் வடமேற்குக் கரையிலுள்ள புத்தளத்தோடு சம்பந்தம் இருக்கிறதே என்று.

கொழும்பின் கட்டடங்களில் எத்தனையோ புத்தளத்துச் சுண்ணக்கல்லில் எழும்பியவை. வண்ணாத்திவில்லுப் பக்கம் அறுவக்காட்டில் கல்லை உடைத்து, அதற்கென்றே போட்ட தண்டவாளத்தில் பாலாவி ஆலைக்குக் கொண்டுபோய், சுட்டு, அரைத்துத்தான் சீமெந்து ஆக்கினார்கள். கல் எடுத்து முடிந்த இடத்தில் குழி மிஞ்சியது. 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து 30க்கும் அதிகமானோர் செத்துப்போன பிறகு, கொழும்புக் குப்பைக்கு வேறு இடம் தேட வேண்டி வந்தது. கிடைத்த இடம் அதே அறுவக்காடு, அதே கல் எடுத்த நிலம். கொழும்பிலிருந்து சுமார் 170 கிலோமீற்றர். புத்தளத்து மக்கள் மாதக்கணக்கில் வீதியில் இருந்து எதிர்த்தார்கள். 2019 இல் குப்பை போகத்தான் செய்தது.

இடையில் இன்னொன்றும் இருக்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டின் ஓரத்தில் நுரைச்சோலை. 2011 இல் முதல் இயந்திரம், 2014 இல் மூன்றாவது, மொத்தம் 900 மெகாவாட். நாட்டின் ஒரே நிலக்கரி மின்நிலையம். ஆண்டுக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி தின்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும்போது அந்தக் கடலில் இறக்க முடியாது. ஆகவே கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் கப்பல் கப்பலாக இறக்கி மலைபோலக் குவித்து வைப்பார்கள். கரித்தூளும் சாம்பலும் காற்றில் வந்து கிணற்றிலும் மரக்கறித் தோட்டத்திலும் படிவதாக அங்குள்ளவர்கள் பல வருடமாக முறையிடுகிறார்கள். அந்த மின்சாரத்தில்தான் எங்கள் தொடர்மாடியின் லிஃப்ட் ஏறி இறங்குகிறது.

ஆக, கொழும்பின் சுவர், கரண்ட், குப்பை மூன்றும் ஒரே மாவட்டத்தின் தலையில். அங்கே வாழ்பவர்களில் கணிசமானோர் எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் என்பதை கொழும்பில் இருக்கும் தமிழர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஏராளமானோர் போய்த் தங்கியதும் அங்கேதான்.

நவீன கைத்தொழில் நாகரிகம் சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை நின்று நிலைக்குமா என்ற கேள்வியை நான் இந்த ஒழுங்கையில் நின்றுகொண்டுதான் பார்க்கிறேன். உலகப் படத்தை விரித்து வைத்துப் பேசினால் பட்டிமன்றம் ஆகிவிடும். இந்த நாகரிகத்தின் அடிப்படை வேலைமுறை மிகவும் எளிமையானது: வேறெங்கோ இருந்து எடு, இங்கே வாழு, வேறெங்கோ கொட்டு. அந்த ‘வேறெங்கோ’ இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி. இப்போது உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 100 பில்லியன் தொன் பொருள் நிலத்திலிருந்து எடுக்கப்படுகிறது. மணல், கல், கனிமம், எண்ணெய், மரம், பயிர் எல்லாம் சேர்த்து. எடுத்ததெல்லாம் ஒரு நாள் எங்கேயோ போய்ச் சேரத்தான் வேண்டும்.

புத்தளத்தை மிதிப்பது கொழும்பு, அது மட்டும்தான் குற்றவாளி என்று முடித்துவிடவும் முடியாது. எங்களையும் யாரோ புத்தளமாக்கி வைத்திருக்கிறார்கள்.

2019 இல் கொழும்புத் துறைமுகத்திலும் கட்டுநாயக்கவிலும் கேட்பாரற்றுக் கிடந்த கொள்கலன்களைத் திறந்து பார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்தவை. பழைய மெத்தை, கம்பளம், மறுசுழற்சிக்கு என்று தாள்களில் எழுதியிருந்தது. உள்ளே ஆஸ்பத்திரிக் கழிவும் கிடந்ததாக அதிகாரிகள் சொன்னார்கள். மொத்தம் 263 கொள்கலன்கள். வழக்குப் போட்டு, பேசி, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி முடிக்க 2022 பெப்ரவரி ஆகிவிட்டது. அதற்கு முந்திய வருடம், 2021 மே 20 அன்று, கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கொள்கலன்கள், 25 தொன் நைத்திரிக் அமிலம், அப்புறம் 1,680 தொன் அளவில் பிளாஸ்டிக் மணிகள். பை, போத்தல், வாளி செய்யும் ஆலைகளுக்கான மூலப்பொருள் அது. கப்பல் எரிந்து மூழ்கியதும் மணிகள் கரைக்கு வந்தன. உலகத்தில் பதிவான மிகப் பெரிய பிளாஸ்டிக் மணிச் சிந்தல் இதுதான் என்று ஐ.நா. நிபுணர்கள் சொன்னார்கள்.

அந்த மாதம் கொரோனாப் பயணத்தடை. ஊரடங்கு தளர்ந்த ஒரு பின்னேரம் தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனேன். மணலில் ஒரு பிடி அள்ளினால் சவ்வரிசி மாதிரி வெள்ளை உருண்டைகள். ஊறவைக்காத சவ்வரிசி, அதே பருமன். மீனுக்கும் அது முட்டை மாதிரித்தான் தெரிந்திருக்கும். ஆமைகள் செத்து ஒதுங்கின. நீர்கொழும்பிலிருந்து கீழே கடற்றொழிலாளர் கடலுக்குப் போக முடியாமல் குந்தியிருந்தார்கள். நான்கு வருடம் கழித்து, 2025 ஜூலையில், கப்பல் நிறுவனம் 1 பில்லியன் டொலர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த மணியோ எளிதில் அழியாது. உடையும், இன்னும் பொடியாகும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லும்போது ஒன்று உறுத்துகிறது. அந்தக் கப்பல் விபத்துக்குள்ளாகாமல் போய்ச் சேர்ந்திருந்தால் அதே 1,680 தொன்னும் பைகளாகவும் போத்தல்களாகவும் மாறி, கொஞ்சம் கொஞ்சமாக, யார் கண்ணிலும் படாமல், ஏதாவது ஒரு கடலுக்கோ குழிக்கோதான் போயிருக்கும். உலகம் ஆண்டுக்கு 400 மில்லியன் தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் செய்கிறது. மறுசுழற்சியாவது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. விபத்து அந்தப் பயணத்தைச் சுருக்கிக் காட்டியது.

நிறுத்திப் பார்த்தோம்

சரி, இதெல்லாம் வேண்டாம், நிறுத்திவிடலாம் என்றால்? அந்தப் பரீட்சையையும் இந்த நாடு எழுதியிருக்கிறது. அதுவும் இரண்டு தரம்.

முதல் தரம் விரும்பி எழுதியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் தடை செய்தது. நஞ்சில்லாத உணவு, சிறுநீரக நோய்க்கு முடிவு என்று சொன்னார்கள். டொலர் இல்லை என்பதும் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் வயல் செய்யும் என் மைத்துனன் ஒக்டோபரில் தொலைபேசி எடுத்தான். “அத்தான், கொழும்பில எங்கையாவது யூரியா ஒரு பை கிடைச்சாலும் சொல்லுங்கோ, விலையைப் பற்றிக் கேக்காதேங்கோ.” கொழும்பில் யூரியாவுக்கு நான் எங்கே போவேன். அவனுடைய காலபோக நெல் இடுப்பளவு வரவேண்டிய இடத்தில் முழங்காலுக்கு நின்றது, இலையெல்லாம் மஞ்சள். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. அரிசியில் தன்னிறைவு என்று பெருமை பேசிய நாடு அரிசி இறக்குமதி செய்தது. 2021 இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை 2022 இல் 251 மில்லியன் அளவுக்கு இறங்கியது. மலையகத்தில் கொழுந்து நிறுத்தால் ‘பேர்’, அதாவது ஒரு நாள் கணக்குக்கான நிறை, விழவில்லை, பேர் விழாவிட்டால் நாள் சம்பளம் குறையும்.

நான் முப்பது வருடம் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பித்தவன். பாடத்திட்டத்தில் ஹேபர் முறை என்று ஒரு பக்கம் வரும். வளியில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன், ஆனால் பயிரால் அதை நேரே எடுக்க முடியாது. அந்த அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. 1909 இல் ஜேர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் அந்தப் பிணைப்பை உடைத்து ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். 1913 இல் கார்ல் பொஷ் அதை ஆலை அளவுக்குக் கொண்டுவந்தார். ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து வருகிறது. பிள்ளைகள் வெப்பநிலை, அமுக்கம், ஊக்கி மூன்றையும் பாடமாக்கிப் புள்ளி எடுத்துவிட்டுப் போவார்கள். பாடப்புத்தகம் சொல்லாத விசயம், இன்றைய உலக சனத்தொகையில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த ஆலையின் நைதரசனில் விளைந்த சோற்றில் உயிர் வாழ்கிறார்கள் என்பது. எங்கள் தசையிலும் தோலிலும் உள்ள நைதரசனில் பெரும் பங்கு அங்கே பிறந்தது.

சேதனப் பசளையை நான் இளக்காரமாகப் பேசவில்லை. மாட்டெருவும் பசுந்தாளும் போட்டு எங்கள் அப்பு காலத்தில் விளைந்ததுதான். ஆனால் அப்பு காலத்து நாட்டில் வாய்கள் எத்தனை? நான்கைந்து மில்லியன். இப்போது 22 மில்லியன். ஒரு போகத்துக்குள், மாற்றுப் பசளை தயார் இல்லாமல், தலைமுறைகளாகப் பழகிய நிலத்தை மாற்று என்று சொன்னால் நிலம் கேட்காது.

மறுபக்கம், போடுகிற யூரியா எல்லாம் பயிருக்குப் போவதும் இல்லை. உலகளவில் பாதிக்கும் மேல் நீரோடு ஓடியும் வளியில் கலந்தும் வீணாகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது நேரே கிணற்றுக்குள் இறங்கி நைத்திரேற்று ஆகிறது. குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீரைப் பாவிக்க வேண்டாம் என்று எச்சரிக்கும் அளவுக்கு சில இடங்களில் ஏறியிருக்கிறது. ஆக, அது இல்லாமல் சாப்பாடு இல்லை, அது இருந்தால் தண்ணீர் கெடுகிறது. கைத்தொழில் நாகரிகத்தின் சிக்கலை ஒரு பொருளில் காட்டு என்று கேட்டால் நான் யூரியாப் பையைத்தான் தூக்கிக் காட்டுவேன்.

இரண்டாவது பரீட்சை நாங்கள் கேட்காமலே வந்தது. 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. காஸ் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வந்தோம். ஜூன் 28 முதல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் பெற்றோல் என்றார்கள், இரண்டு கிழமைக்கு. எங்கள் ஆறாம் மாடியில் லிஃப்ட் இல்லை, மோட்டர் ஓடாததால் தண்ணீரும் இல்லை. கீழ்வீட்டு அன்ரிக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வருத்தம். நானும் எதிர்வீட்டுப் பொடியனும் வாளி வாளியாகத் தூக்கினோம். பொடியன் நாலாம் மாடியில் வாளியை வைத்துவிட்டுக் கேட்டான், “சேர், காபன் குறைஞ்சிருக்கும் என்ன?” அவன் என்னுடைய பழைய மாணவன். குறைந்துதான் இருந்தது. அந்த வருடம் நாட்டின் எரிபொருள் பாவனை சரிந்தது. காலி வீதியில் சைக்கிள் மணி கேட்டது. அதைச் சாதனை என்று யாரும் கொண்டாடவில்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளம் கரையில் கிடந்தவர்களும், மருந்து இல்லாமல் சிகிச்சை தள்ளிப்போனவர்களும் நிச்சயமாக இல்லை.

ஒரு இலங்கையர் ஆண்டுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு சுமார் 1 தொன். உலக சராசரி ஐந்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, அமெரிக்கர் ஒருவருக்கு 14 அளவில். ஏற்கனவே ஒன்றில் இருப்பவனை இன்னும் குறை என்றால் அது 2022 மாதிரித்தான் இருக்கும். இந்தக் கணக்கை மறந்துவிட்டு எழுதப்படும் சுற்றுச்சூழல் புத்திமதிகளை நான் வாசிப்பதை நிறுத்தி நாளாகிறது.

எது மாறும், எது மாறாது

‘நிலைத்து நிற்குமா’ என்பதற்கு மொத்தமாக ஆம், இல்லை சொல்வதில் பயனில்லை. உறுப்பு உறுப்பாகப் பார்க்க வேண்டும். சில உறுப்பு மாற்றலாம், சிலது பிடிவாதம்.

சீமெந்து பிடிவாதக்காரன். சுண்ணக்கல் என்பது கல்சியம் காபனேற்று. 100 கிராம் எடுத்துச் சுட்டால் 56 கிராம் சுண்ணாம்பு, 44 கிராம் காபனீரொட்சைட்டு. மாணவர்களுக்கு மூலர் திணிவு படிப்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது, கணக்கு முழு எண்ணில் வரும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 44 கிராம் விறகிலிருந்தோ நிலக்கரியிலிருந்தோ வந்ததல்ல, கல்லுக்குள்ளேயே இருந்தது. சூளையைச் சூரிய ஒளியில் ஓட்டினாலும் அது வெளியே வந்தே தீரும். உலகம் ஆண்டுக்கு 4 பில்லியன் தொன் அளவில் சீமெந்து செய்கிறது. மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் அதிலிருந்து. நிலக்கரிச் சாம்பலைக் கலந்து கொஞ்சம் குறைக்கிறார்கள். நுரைச்சோலைச் சாம்பலும் அப்படிச் சீமெந்துக்குள் போகிறது. நிலக்கரியை நிறுத்தினால் அந்தச் சாம்பலும் நின்றுவிடும். ஒரு முடிச்சை அவிழ்த்தால் இன்னொன்று இறுகுகிறது. எங்கள் பக்கத்துக் காங்கேசன்துறை ஆலை 1990 இல் போரோடு மூடியது. கல் தோண்டிய பள்ளங்கள் முப்பது வருடம் தாண்டியும் அப்படியே கிடக்கின்றன. ஆலை போனாலும் குழி போகாது.

மின்சாரம் மாற்றலாம். இதை நான் நம்பிக்கையோடு சொல்கிறேன். 2010 க்குப் பிந்திய பத்து வருடத்தில் சோலார் பனல் விலை ஏறக்குறைய 90 வீதம் விழுந்தது. உலகின் முதல் பொது நிலக்கரி மின்நிலையத்தை 1882 இல் லண்டனில் ஓட்டிய பிரித்தானியா, தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டெம்பர் 30 அன்று மூடியது. 1990 இல் இருந்ததில் பாதியளவுக்கு அவர்களுடைய வெளியீடு இறங்கிவிட்டது. உடனே நம்மவர்கள் கேட்பார்கள், ஆலையை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்டுக் குறைத்தோம் என்றால் ஆச்சா என்று. நியாயமான கேள்வி. கட்டுநாயக்கவில் தைத்த சட்டையை அவர்கள் போடும்போது புகை எங்கள் கணக்கில் ஏறுகிறது. ஆனால் இறக்குமதிப் பொருளின் புகையையும் அவர்கள் கணக்கிலேயே ஏற்றிப் பார்த்தாலும் இறக்கம் தெரியத்தான் செய்கிறது, கொஞ்சம் சிறிதாக.

எங்கள் நாட்டுக்கு 2030 இல் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்பது இலக்கு. அதற்கு என்ன தடை என்பதை ஒரு குரங்கு காட்டிக்கொடுத்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்சாரம் நின்றது; பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று கம்பியில் பட்டதால் என்று அமைச்சர் சொன்னார். ஒரு குரங்கால் இலங்கை முழுவதும் இருண்டதா என்று நாடு சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் இருந்த பௌதிகத்தைப் பலர் கவனிக்கவில்லை. பழைய தையல் மெஷினில் மிதியை விட்டதும் சக்கரம் உடனே நிற்காது, பாரத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றும். நீர்மின், நிலக்கரி நிலையங்களின் பெரிய சுழலிகளும் அப்படித்தான். எங்கேயாவது கோளாறு வந்தால் அந்தச் சுழற்சியின் பாரம் ஒரு சில செக்கன் தாங்கிப் பிடிக்கும், அதற்குள் மற்ற இயந்திரங்கள் சமாளித்துக்கொள்ளும். கூரைச் சோலாரில் சுழல்வதற்கு எதுவும் இல்லை. ஞாயிறு பகல், வெயில், அலுவலகம் ஆலை எல்லாம் பூட்டு, கேள்வி குறைவு, வலையமைப்பில் சோலாரின் பங்கு அதிகம். சக்கரத்தில் பாரம் இல்லாத நேரம் பார்த்துக் குரங்கு பாய்ந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரமும் விழுந்தன. அதைத் திரும்ப எழுப்ப நாள்கள் எடுத்தன, அடுத்த இரண்டு நாளும் மின்வெட்டு.

இரண்டு மாதம் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. கடன் எடுத்துப் பனல் போட்ட எங்கள் தொடர்மாடிக் குழுவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “வெயிலை வீணாக்கச் சொல்லுறாங்கள்” என்றார் கீழ்வீட்டு அன்ரி. சபை சொன்னது தவறில்லை. தவறு அதற்கு முன்னால் நடந்தது: பனலை விற்ற வேகத்தில் சேமிப்பைக் கட்டவில்லை. பெரிய மின்கலங்கள், அரநாயக்கவில் யோசிக்கப்படும் 600 மெகாவாட் மஹா ஓயாத் திட்டம் போல பகலில் தண்ணீரை மேலே ஏற்றி இரவில் இறக்கும் நீர்த்தேக்கங்கள், இவை வந்தால் அந்த வெயில் இரவுச் சோற்றுக்கு உதவும். மிகவும் செய்யக்கூடிய வேலை. பணமும் பத்து வருடப் பொறுமையும் கேட்கும் வேலை. இரண்டிலும் நாங்கள் அவ்வளவு கெட்டிக்காரர் இல்லை.

கெரவலப்பிட்டியில் 2021 இல் திறந்த குப்பை எரிக்கும் நிலையத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். நல்ல முயற்சிதான், இப்போது கொழும்புக் குப்பை அங்கேயும் போகிறது. அதன் திறன் 10 மெகாவாட். நுரைச்சோலை 900. ஒரு தலைநகரத்தின் குப்பையைக் கொட்டி எரித்தாலும் அந்தத் தலைநகரத்துக்குக் கரண்ட் கொடுக்கும் நிலக்கரியில் நூறில் ஒரு பங்கைத்தான் தொட முடிகிறது. அதுவும் ஈரக் குப்பை, தேங்காய்க் கோம்பை, வாழையிலை, மிஞ்சிய சோறு. எரிய மனமில்லாத குப்பை.

சிக்கனம் காப்பாற்றுமா என்றால், 1865 இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவொன்ஸ் என்ற ஆங்கிலப் பொருளியலாளர் ஒன்றைக் கவனித்தார். நீராவி எஞ்சின் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு குறையாமல் கூடியது. மலிவானதும் எல்லோரும் எஞ்சின் வாங்கினார்கள். எங்கள் கட்டடத்தில் இன்வேட்டர் ஏசி வந்தபோது இதையே பார்த்தேன். கரண்ட் குறைவாம் என்று ஒன்று பூட்டிய வீட்டில் இப்போது மூன்று. ஏசி வெளியே தள்ளும் சூட்டில் எதிர்வீட்டு யன்னல் திறக்க முடியாமல் அவர்களும் ஒன்று பூட்டினார்கள்.

ஏசி என்றதும் நல்ல செய்தி ஒன்று. குளிரூட்டும் வாயுக்கள் ஓசோன் படையை ஓட்டையாக்குவதைக் கண்டு 1987 இல் மொன்ட்ரியலில் நாடுகள் ஒப்பந்தம் செய்தன. சொன்னபடி நடந்தார்கள், ஓசோன் மெதுவாக ஆறுகிறது. அங்கே ஆலைகள் ஒரு சில, மாற்று வாயுவும் கைவசம் இருந்தது. நிலக்கரியும் எண்ணெயும் இயற்கை வாயுவும் அப்படியல்ல. உலகின் சக்தித் தேவையில் ஏறக்குறைய 80 வீதம் இன்னும் அவற்றிலிருந்துதான்.

எல்லா ‘வேறெங்கோ’க்களிலும் பெரியது வளிமண்டலம். அதற்கு ஊர்ப் பெயர் இல்லை, வீதி மறியல் செய்ய ஆள் இல்லை. கைத்தொழிலுக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இப்போது 420 ஐத் தாண்டிவிட்டது. 2024, கைத்தொழிலுக்கு முந்திய அளவைவிட 1.5 பாகை கூடிய முதல் ஆண்டு. ஒரு பாகை சூடு கூடினால் காற்று 7 வீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும், பிடித்ததை ஒரே நாளில் கொட்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் லயன்களோடு மண் சரிந்தது, களனி கரை தாண்டிக் கொழும்பின் கிழக்குப் புறமெல்லாம் ஏறியது. 600க்கும் அதிகமானோர் இறந்தார்கள். ஒற்றைப் புயலுக்கு முழுக் காரணத்தையும் புகையில் போட மாட்டேன். சரிவில் காடு வெட்டியதும், சதுப்பு நிலத்தை நிரப்பி வீடு கட்டியதும் பங்காளிகள். கொழும்பு 2018 இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் வாங்கியது. அந்தச் சான்றிதழ் வாங்கிய ஈரநிலத்தின் ஓரங்களில் மண் லொறிகள் இன்னும் கொட்டுகின்றன.

2009 இல் ஜொஹான் ரொக்ஸ்ட்ரோம் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் பூமி தாங்கக்கூடிய எல்லைகள் ஒன்பதை வரையறுத்தார்கள். காலநிலை, உயிரினம், நைதரசன், நன்னீர் இப்படி. 2023 கணக்கில் ஆறு மீறப்பட்டுவிட்டன, 2025 இல் கடல் அமிலமாவது ஏழாவதாகச் சேர்ந்தது. எல்லை தாண்டினால் மறுநாள் உலகம் முடிந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. வங்கி மீதி இல்லாமல் காசோலை எழுதுவது மாதிரி, திரும்பி வரும் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இலங்கைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

என் எண்ணத்தைக் கேட்டால், இன்றைய உருவத்தில் இது நிற்காது. கரண்டை மாற்றலாம், பசளையைப் பாதியாக்கலாம், ஒன்றுக்கு எட்டு மாடி கட்டுவதை யோசித்துச் செய்யலாம். எதையும் வர்த்தமானி போட்டு ஒரே இரவில் செய்ய முடியாது, எதையும் இன்னும் முப்பது வருடம் தள்ளிப்போடவும் முடியாது. எடுக்கிற இடமும் கொட்டுகிற இடமும் எங்கள் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும்வரை அவசரம் யாருக்கும் வராது என்பதுதான் என் பயம்.

எங்கள் தொடர்மாடிச் சங்கத்தில் போன வருடம் ஒரு கூட்டம் வைத்தோம். சமையலறைக் கழிவை நாங்களே கூட்டெருவாக்குவது என்று பதினெட்டு வீடும் கை உயர்த்தியது. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. பச்சைப் பீப்பா இரண்டு வாங்கினோம். அப்புறம் எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. வாகனத் தரிப்பிடத்தில் வைத்தால் கார்க்காரருக்கு மணம். பின்மதில் ஓரம் என்றால் முதலாம் மாடியில் நுளம்பு. வாசலில் வைத்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள். கீழ்வீட்டு அன்ரி மட்டும் என் வாசலில் வையுங்கோ தம்பி என்றார். அவருடைய மகன் கனடாவிலிருந்து தொலைபேசியில் மறுத்துவிட்டார். பீப்பாக்கள் இரண்டும் பொலித்தீன் உறை கழற்றாமல் மொட்டைமாடியில் சோலார் பனலுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. குப்பை லொறி செவ்வாயும் வெள்ளியும் வருகிறது.